வலியோடு கொஞ்ச நேரம்



சென்ற இதழுக்குப் பிறகு வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது. கணவர் இறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. பகல் முழுக்க வேலையில் ஓடிவிடுகிறது, ராத்திரி விளக்கை அணைத்ததும் மனசு கிளம்பிவிடுகிறது என்கிறார். "விபாசனா போய்விட்டு வா, எல்லாம் சரியாகிவிடும்" என்று யாரோ சொன்னார்களாம். பத்து நாள் மௌனமாக இருந்து பழகும் தியான முகாம் அது. போகலாமா, சாமி கும்பிடுகிற குடும்பத்துக்கு அது ஒத்து வருமா என்று கேட்கிறார். அவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். இதே கேள்வியை மனசில் வைத்திருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்று தோன்றுவதால், இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

சாமி விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். விபாசனா பௌத்தத்திலிருந்து வந்த தியானம். சிதம்பரத்துக்காரர்களுக்குப் பௌத்தம் என்றாலே நினைவுக்கு வருவது வாதம்தான். ஈழத்திலிருந்து வந்த பௌத்த குருமார்களைத் தில்லையில் மாணிக்கவாசகர் வென்றதையும், ஈழத்து அரசனின் ஊமை மகள் வாய் திறந்து விடை சொன்னதையும், அதுவே திருச்சாழல் என்ற பாடல் ஆனதையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே மோதிக்கொண்டவை கொள்கைகள். கண்ணை மூடி உட்கார்ந்து தன் மூச்சையும் தன் வலியையும் தானே கவனிக்கிற பழக்கத்தைப் பற்றி அந்தக் கதையில் ஒரு பேச்சும் இல்லை. தோற்றவர்களோடு சேர்த்து அவர்களுடைய பயிற்சியையும் நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

ஏனென்றால் அது எங்கோ வடக்கே இருந்த சங்கதி இல்லை. சிதம்பரத்தில் பேருந்து ஏறி, சீர்காழி வழியாகப் பூம்புகார் போய்ப் பாருங்கள். பல்லவனேசுவரத்தில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த புத்த விகாரையின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் என்ற தேரர் காவிரிப்பூம்பட்டினத்திலும், சோழநாட்டுப் பூதமங்கலத்திலும் தங்கிப் பாலியில் நூல் செய்தவர். மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பகுத்துச் சொல்லும் 'அபிதம்மாவதாரம்' அவர் எழுதியது. இன்றைக்கும் விபாசனா ஆசிரியர்கள் கையில் வைத்திருக்கும் 'விசுத்திமக்கம்' ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் எழுதப்பட்டது. அதைச் செய்த புத்தகோசர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரை ஒன்றின் முடிவில் தாமே குறித்து வைத்திருக்கிறார். அந்த நூலுக்கான பேருரை தம்மபாலர் பெயரில் வழங்குகிறது. அவர் இருந்தது நாகப்பட்டினத்தில். நம் காவிரிக் கரையில் இருந்தவர்கள் மனசை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். நம் திருப்பாதிரிப்புலியூர்தான் பழைய பாடலிபுரம். திருநாவுக்கரசர் தருமசேனராக இருந்த பள்ளி அங்கேதான் இருந்தது. அது சமணப் பள்ளி, பௌத்தப் பள்ளி அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. அவரைத் திருவதிகைக்கு, தமக்கை திலகவதியாரிடம் கூட்டிப் போனது சூலை நோய். மருந்தும் மந்திரமும் கைவிட்ட ஒரு வலி மனிதனை வேறொரு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போவது நம் மண்ணுக்குப் புதிதல்ல.

பர்மாவில் 1955இல் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். மாந்தலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி சத்ய நாராயண் கோயங்காவுக்கு ஒற்றைத் தலைவலி. மார்பின் ஊசி போட்டால்தான் அடங்கும் என்கிற நிலை. பல நாட்டு வைத்தியர்களைப் பார்த்தும் தீரவில்லை. ரங்கூனில் ஊ பா கின் என்பவர் விபாசனா தியானம் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். ஊ பா கின் துறவி இல்லை, பர்மா அரசின் தலைமைக் கணக்காயராக இருந்தவர். தலைவலி தீர வேண்டும் என்று கோயங்கா கேட்டதும் அவர் மறுத்துவிட்டார். தலைவலிக்காக இதற்கு வராதே, மனசைச் சுத்தம் செய்துகொள்ள வருவதானால் வா, வலி போனால் அது தானாகப் போகட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். கோயங்கா பக்தியுள்ள இந்துக் குடும்பத்தவர், தயங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். தலைவலியும் போனது. 14 வருடம் கழித்து, 1969இல், நோயுற்றிருந்த தாயாருக்காக இந்தியா வந்தவர் பம்பாயில் முதல் முகாமை நடத்தினார். அடுத்த முகாம் சென்னையில்.

ஊ பா கின் மறுத்தாரே, அந்த இடத்தில்தான் என் பதில் முழுவதும் இருக்கிறது. 'சரியாகிவிட வேண்டும்' என்ற அவசரத்தோடு போனால், சரியாகிறதா சரியாகிறதா என்று பார்ப்பதிலேயே பத்து நாளும் ஓடிவிடும். என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் போக வேண்டும்.

முகாமில் நடப்பது இதுதான். விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். பேச்சு இல்லை, செல்போன் இல்லை, புத்தகம், பேனா எதுவும் இல்லை. முதல் மூன்று நாளும் மூக்குத் துவாரத்துக்கும் மேலுதட்டுக்கும் இடையில் மூச்சு வந்து போவதை மட்டும் கவனிக்க வேண்டும். நான்காம் நாள் தலை முதல் கால் வரை உடம்பின் உணர்ச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லித்தருவார்கள். பிறகு, அசையாமல் ஒரு மணி நேரம்.

நானும் ஒருமுறை அப்படி உட்கார்ந்திருக்கிறேன். இருபது நிமிடத்தில் இடது முழங்கால் வலி ஆரம்பித்தது. 'கால் போச்சு' என்றுதான் முதலில் தோன்றியது. வேறு வழியில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலி என்று ஒன்றாகத் தெரிந்தது பிரியத் தொடங்கியது. ஓர் இடத்தில் சூடு, பக்கத்தில் துடிப்பு, கீழே ஓர் இறுக்கம், நடுவில் ஒன்றுமே இல்லாத சின்ன இடைவெளி. நான்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. அந்த நேரத்தில், பல வருடம் முன்னால் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் சொன்ன சொல் எங்கிருந்தோ வந்தது. கோபம் என்று நான் பெயர் வைப்பதற்கு முன்பே மார்பு இறுகி, மூச்சு குட்டையாகிவிட்டிருந்தது. அத்தனை வருடமும் அவரை எதிர்த்து மனசுக்குள் நான் பேசியதெல்லாம் அந்த இறுக்கத்திலிருந்து தப்பிக்கத்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சம்யுத்த நிகாயத்தில் புத்தர் இதை இரண்டு அம்புகளாகச் சொல்கிறார். உடம்பின் வலி முதல் அம்பு. அதை நினைத்து நினைத்து மனசு தன்மேல் எய்துகொள்வது இரண்டாவது. கணவர் போனது முதல் அம்பு, சகோதரி. அதை யாராலும் பிடுங்க முடியாது, பிடுங்கவும் வேண்டாம், அது அன்பின் வலி. 'ஒரு நாள் முன்னாலேயே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால்' என்று ராத்திரி விளக்கை அணைத்ததும் வருகிறதே, அது இரண்டாவது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் 'நான் மட்டும் கையை விடாமல் இருந்திருந்தால்' என்று எத்தனை பேர் புழுங்கினார்கள் என்பது நமக்குத் தெரியும்.

மருத்துவமும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. இதே மரபிலிருந்து கவனிப்புப் பயிற்சியை எடுத்துக்கொண்டு, சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் மனச்சோர்வுக்காக ஒரு சிகிச்சை முறையை அமைத்தார்கள். 2000இல் வந்த அவர்களுடைய ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 66 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றவர்களில் அது 37 சதவீதம். இது எட்டு வார வகுப்பு, பத்து நாள் மௌனம் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர்கள் நேராக முகாமுக்குப் போகாதீர்கள். நீண்ட மௌனம் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும். முகாம் விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிக் கேட்கிறார்கள், மறைக்காமல் எழுதுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற இலவச எண்ணை எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மற்றவர்களுக்கு, நமக்குப் பக்கம் சென்னை திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' மையம் இருக்கிறது. தங்கவும் சாப்பிடவும் கட்டணம் கிடையாது. முழு முகாமையும் முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். திருநீறு பூசுகிறவர்களும் சிலுவை அணிகிறவர்களும் தொழுகிறவர்களும் வருகிறார்கள், யாரையும் மதம் மாற்றுவதில்லை. அந்தப் பத்து நாள் மட்டும் பூசை, செபம் வேண்டாம் என்பார்கள். பிள்ளைகளையும் மாமியாரையும் விட்டுவிட்டுப் பத்து நாள் நகர முடியாத பெண்களே நம் வாசகர்களில் அதிகம். அவர்கள் எல்லாரும் படுத்தபின் பத்து நிமிடம் உட்கார்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் மட்டும் பார்க்கலாம். நினைப்பு ஓடினால் கோபிக்காமல் திரும்ப வந்தால் போதும்.

முகாம் போய் வந்தவர்கள் எழுதுங்கள். நல்லபடியாக அமையாமல் நடுவில் திரும்பியவர்களும் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம், கடிதத்தை வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்