மனிதர் நின்றனர், தண்ணீர் நிற்கவில்லை



2020 மார்ச் 18 அன்று, கொவிட் பெருந்தொற்றின் காரணமாக மலேசியா தன் எல்லையை மூடியது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் வெறிச்சோடியது. விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வேலைக்குச் சென்று, இரவில் வீடு திரும்பிவந்த தொழிலாளர்கள் ஏதேனும் ஒரு கரையில் தங்கிவிட நேர்ந்தது. அவர்களுள் நம் தமிழரும் பலர். தரைவழி எல்லை முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆயிற்று. ஆனால், அதே பாலத்தையொட்டிச் செல்லும் பெருங்குழாய்களில் ஜொகூரின் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மனிதரை நிறுத்திய எல்லை, நீரை நிறுத்தவில்லை. இதற்குக் காரணம் நட்பு மட்டுமன்று. எழுதி வைக்கப்பட்ட ஒப்பந்தமும் ஆகும்.

1962இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நீர் எடுக்கலாம். 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, பிரிவினை ஒப்பந்தமே இவ்வுரிமைக்கு உறுதியளித்தது. அவ்வொப்பந்தம் ஐக்கிய நாடுகள் அவையிலும் பதிவாயிற்று. அத்தகைய காப்பு ஏன் தேவைப்பட்டது? 1942 சனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரித்தானியப் படையினர் கடற்பாலத்தைத் தகர்த்தபோது குடிநீர்க் குழாயும் உடைந்தது. பாலமும் நீரும் ஒரே உயிர்நாடி என்பதைச் சிங்கப்பூர் அன்றே கண்டுகொண்டது.

இனி, வழக்குக்கு வருவோம். ஆயிரம் கேலன் ஆற்றுநீருக்கு விலை 3 சென். உரிய அளவு முழுவதையும் எடுத்தாலும் நாளொன்றுக்கு 7,500 ரிங்கிட்தான். 'இது நியாயமா?' என்று மலேசியா கேட்கிறது. சிங்கப்பூரோ மறுகணக்குக் காட்டுகிறது: ஒப்பந்தப்படி ஜொகூருக்கு நாள்தோறும் 50 இலட்சம் கேலன் வரை சுத்திகரித்த நீரை, ஆயிரம் கேலன் 50 சென் விலையில் தரவேண்டும், அதனைச் சுத்திகரிக்க ஆகும் செலவோ 2.40 ரிங்கிட். விலையை 25 ஆண்டுகளுக்குப் பின் மறுஆய்வு செய்யலாம் என்ற விதியை 1987இல் மலேசியா பயன்படுத்தவில்லை என்பதும் சிங்கப்பூரின் வாதம். அவ்வுரிமை இன்னும் உள்ளது என்பது மலேசியாவின் வாதம். இரு தரப்புக் கணக்கும் தத்தம் அளவில் சரியானதே. ஆகவே, கணக்கு மட்டும் இவ்வழக்கைத் தீர்க்காது.

பேச்சுவார்த்தை எங்கே தடுமாறியது என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். 2000ஆம் ஆண்டையொட்டி மகாதீரும் லீ குவான் யூவும் பேசியபோது, தண்ணீர், புதிய பாலம், ரயில்வே நிலம், வான்வெளி, மலேசியத் தொழிலாளரின் மத்திய சேமநிதி ஆகிய அனைத்தும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டன. 2002இல் தண்ணீரை மட்டும் தனியே பேசவேண்டும் என்று மலேசியா கூற, மூட்டை அவிழ்ந்தது, பேச்சும் நின்றது. கடற்பாலத்தின் தன் பகுதிக்கு மாற்றாக மலேசியா கட்டவிருந்த வளைந்த பாலத் திட்டத்தை 2006இல் அப்துல்லா படாவி கைவிட்டார்.

பின்னர் தீர்ந்தவை எல்லாம் தனித்தனியே தீர்ந்தவை. பெட்ரா பிராங்கா தீவு வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. ரயில்வே நில விவகாரம் 2010இல் முடிவுக்கு வந்தது. 1961ஆம் ஆண்டின் நீர் ஒப்பந்தம் 2011இல் காலாவதியானபோது, சிங்கப்பூர் அந்நீர்நிலையங்களை ஜொகூரிடம் ஒப்படைத்தது. கணினித் துறையில் உள்ளோர் இதனை நன்கறிவர்: எல்லாப் பகுதிகளையும் ஒன்றோடொன்று இறுகப் பிணைத்தால், ஒன்று பழுதாகும்போது முழு அமைப்பும் நின்றுவிடும்.

தண்ணீரை நெருக்கடிக் கருவியாக்கும் பேச்சு எப்பக்கத்திலிருந்து வந்தாலும் அதனை ஏற்க இயலாது. அதேவேளை, மலிவு விலை பற்றிய ஜொகூர் மக்களின் மனக்குறையை ஏளனம் செய்வதும் முறையன்று. இருவரும் மறந்துவிடக்கூடாத மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு, அது ஆறு. கடல்நீர் ஆற்றில் ஏறாதவாறு நீரைத் திறந்துவிடும் லிங்கியு நீர்த்தேக்கம், 2016 அக்டோபரில் கொள்ளளவின் 20 விழுக்காட்டுக்குச் சரிந்தது. ஆறு வற்றினால் 3 சென்னும் பயன்படாது, 3 ரிங்கிட்டும் பயன்படாது. நீர்ப்பிடிப்புக் காடுகளைக் காப்பதற்கான செலவை விலையோடு சேர்த்துப் பேசுவதே இருவருக்கும் நலம் என்பது என் கருத்து.

1962ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 2061இல் முடிவடையும். புதுநீர், கடல்நீர்ச் சுத்திகரிப்பு எனச் சிங்கப்பூர் தன்னைத் தயார்படுத்தி வருகிறது. ஆயினும், ஆறும் எல்லையும் அங்கேயேதான் இருக்கும். இன்று பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் அன்று நடுவயதை எட்டியிருப்பர். பொறியாளராக, வழக்கறிஞராக, அதிகாரியாக அம்மேசையின் ஏதேனும் ஒரு பக்கத்தில் அவர்களும் அமரக்கூடும்.

பெற்றோர்களே, இரு கரையிலும் நமக்கு உறவுகள் உண்டு. ஆகவே, ஒரு கரையின் செய்தியை மட்டும் படித்துவிட்டு மறுகரையைப் பழிக்கும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்காதீர்கள். இளையோர்களே, இரு தரப்பு வாதங்களையும் படியுங்கள், ஒப்பந்தத்தின் விதிகளைப் படியுங்கள், ஆற்றையும் படியுங்கள். 2061க்கான ஆயத்தம் இன்றே தொடங்கட்டும்.