தட்டின் கீழே இருந்த துரு

ஓடுகின்ற வண்டியைப் புகழ்வோர் பலர். அது நிற்பதைப் பற்றி நினைப்போர் சிலர். காரின் நிறத்தையும் ஆசனங்களையும் விருந்தினருக்குக் காட்டி மகிழும் நாம், சில்லின் உள்ளே மறைந்திருந்து எம்மைக் காக்கும் பிறேக்கை அது முறையிடும்வரை எண்ணிப் பார்ப்பதில்லை. எமக்கு நேர்ந்த அனுபவம் ஒன்றை இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றோம்.

சென்ற சித்திரை விடுமுறையில் குடும்பத்துடன் நுவரெலியா சென்றிருந்தோம். திரும்பும்போது இறம்பொடை வழியாகக் கம்பளை நோக்கி இறங்கினோம். வளைவொன்றில் பிறேக்கை மிதித்ததும் அது காலடியில் துடித்தது. சுக்கானும் கையில் நடுங்கியது.

"ஏனப்பா கார் நடுங்குது?" என்றாள் பின்னால் இருந்த மகள். இல்லாள் ஒன்றும் பேசவில்லை. சின்னவனை இறுக அணைத்துக்கொண்டார். தாழ்ந்த கியருக்கு மாற்றி, என்ஜினின் பிடியிலேயே மெல்ல மெல்ல இறக்கினோம். கம்பளைக் கராஜ் ஒன்றில், பிறேக் எண்ணெய் ஒழுகவில்லை, கட்டைகளும் தேயவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஆறுதலாக ஊர் வந்து சேர்ந்தோம்.

எம்மை வருத்தியது யாதெனில், முன் சில்லுகளின் பிறேக் தட்டுகளை எட்டு மாதங்களுக்கு முன்னர்தான் புதிதாக மாற்றியிருந்தோம் என்பதே. மலிவான தட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவுசெய்து, முதிய மெக்கானிக் ஒருவரிடம் முறையிட்டோம். அவர் சில்லைக் கழற்றித் தட்டை உருவி எடுத்தார்.

"மாஸ்ரர், தட்டைக் குற்றஞ் சொல்லாதேங்கோ. அது இருக்கிற இடத்தைப் பாருங்கோ" என்றார்.

தட்டு பொருந்தும் இரும்பு முகத்திலே பழைய துரு பொருக்காகப் படிந்திருந்தது. முன்பு மாற்றியவர் அதனைச் சுரண்டாமலே புதிய தட்டை மேலே வைத்து இறுக்கியிருக்கின்றார். துருவின் மேல் இருந்த தட்டு மயிரிழையளவு சரிந்து சுழன்றது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் கட்டையில் உரசிற்று. சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் அவ்விடம் மெலிந்தது. தடிப்பும் மெலிவும் மாறி மாறிக் கட்டைகளைத் தள்ளவே, மிதியில் துடிப்பு எழுந்தது. "தட்டு வளைந்துவிட்டது" என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதுதானாம். பல கார்களில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு ஆட்டமே அளவுக்கு மிஞ்சியதாகும்.

தட்டுப் பிறேக் புதுமையன்று. லான்செஸ்ரர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1902 ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமம் பெற்றார். 1953 இல் பிரான்சின் லு மான் நகரில் நிகழ்ந்த இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில், இவ்வகைப் பிறேக் பூட்டிய ஜகுவார் கார் வென்ற பின்னரே உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது. திறந்த தட்டில் காற்றுப் படுவதால் சூடு விரைந்து ஆறும். வேகம் இருமடங்கானால் பிறேக் தாங்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும்; அத்தனையும் சூடாகி அத்தட்டிலேயே இறங்குகின்றது.

முதியவர் வேலை செய்த ஒழுங்கை அருகிருந்து பார்த்தோம். ஜக்கை மட்டும் நம்பாது, காரின் கீழே தாங்கிகளை நிறுத்தினார். கழற்றிய கவ்வியைக் குழாயில் தொங்கவிடாது கம்பியாற் கட்டினார். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, இரும்பு பளிச்சிடும்வரை துடைத்தார். புதிய தட்டுகளில் துருப்பிடியாதிருக்கப் பூசிய எண்ணெயைக் கழுவினார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும் என்று இரு பக்கமும் மாற்றி, கட்டைகளையும் புதிதாக இட்டார். சில்லின் நட்டுகளை எதிரெதிராக, ஒரே அளவாக இறுக்கினார். காரை நகர்த்துமுன் மிதி இறுகும்வரை பலமுறை மிதித்துப் பார்த்தார்; இதனை மறந்தவனுக்கு முதல் மிதியில் பிறேக் கிட்டாது.

துரு நீக்கும் வேலைக்கு எவ்வளவு நேரம் சென்றது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். பக்கத்துக்குப் பத்து நிமிடம். அந்த இருபது நிமிடத்தை ஒருவர் மிச்சம் பிடித்ததன் பலனையே இறம்பொடை வளைவில் நாம் கண்டோம். அன்று கராஜில் நில்லாது, "முடிந்ததும் சொல்லுங்கள்" என்று வீடு திரும்பிய எமக்கும் அதில் பங்கு உண்டு.

தட்டு மாற்றக் கொடுக்கும் வாசகர்கள் விலையோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்பாராக. தட்டிலே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு, பழையது அதற்குக் கீழே தேய்ந்துவிட்டதா என்பது ஒன்று. தட்டு அமரும் முகத்தைத் துலக்கினீர்களா என்பது மற்றொன்று. கேட்பதில் நாணம் வேண்டாம். பின் ஆசனத்தில் இருப்பவர்கள் எம்மை நம்பியே உறங்குகின்றார்கள்.