இரவில் விழித்திருக்கும் குட்டிக் கள்ளி



திருவல்லிக்கேணியின் குறுகிய சந்துகளில் தோட்டம் போட இடம் ஏது? மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர்தான் நமக்குத் தோட்டம். அந்தச் சுவரின்மேல், சிறு தொட்டியொன்றில், எலுமிச்சங்காய் அளவுப் பந்துகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து வளரும் வெண்முள் கள்ளியை உங்களுள் பலர் வைத்திருப்பீர்கள். தள்ளுவண்டிக்காரர், "முள்ளுச் செடிம்மா, சாகவே சாகாது" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்.

என் வீட்டில் அது செத்தது. மல்லிகைக்கு ஊற்றும்போதெல்லாம் அதற்கும் ஒரு குவளை ஊற்றினேன். ஐப்பசி மழையிலும் அப்படியே நனையவிட்டேன். கார்த்திகையில் ஒருநாள் தொட்டுப் பார்த்தபோது பந்து கையோடு கழன்று வந்துவிட்டது. அடிப்பாகம் பழுப்பாகக் கூழாகியிருந்தது. அதன்பிறகே அச்செடியைப் பற்றி நிதானமாகப் படித்தேன்.

அவ்வகைச் செடிகளுக்கு மாமில்லேரியா என்று பெயர். அதில் நம் தொட்டிகளுக்கு ஏற்றது மாமில்லேரியா புரோலிஃபெரா. மெக்சிகோவின் வடகிழக்குப் பகுதி, அமெரிக்காவின் டெக்சாஸ், கியூபா முதலிய கரீபியன் தீவுகள் இதன் தாயகம். பெயரின் பின்பாதிக்குக் குட்டிகளை ஈனுவது என்பதே பொருள். தாய்ப் பந்தின் பக்கவாட்டில் சிறு பந்துகள் முளைத்து, அவற்றின் பக்கத்திலும் முளைத்து, தொட்டி நிறைந்துவிடும். லேசாகத் தட்டினாலே குட்டி பிரிந்து விழும். விழுந்த இடத்தில் வேர் விடும்.

பந்தை உற்றுப் பாருங்கள். மேலெங்கும் சிறு குமிழ்கள் சுருள்வரிசையில் அமைந்திருக்கும். ஒவ்வொரு குமிழின் நுனியிலும் பஞ்சு போன்ற ஒரு சிறு மெத்தை. அந்த மெத்தையிலிருந்தே முட்கள் புறப்படுகின்றன. அம்முட்களே இலைகள்! இலைகள் முள்ளாகச் சுருங்கிவிட்டதால், உணவு தயாரிக்கும் வேலையைப் பச்சைத் தண்டு ஏற்றுக்கொண்டது. பூக்களோ முள் இருக்கும் நுனியில் வருவதில்லை. குமிழ்களின் இடுக்கிலிருந்து வெளிர்மஞ்சள் நிறத்தில் எட்டிப் பார்க்கும். பின்னர் அதே இடுக்கிலிருந்து மிளகாய்ப்பழம் போன்ற சிவந்த சிறு கனிகள் நீண்டு வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தமிழில் கள்ளி என்ற ஒரே சொல்லால் தொடர்பற்ற பல செடிகளை அழைக்கிறோம். திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் வேறு குடும்பம், ஆமணக்குக்கு உறவு. அவற்றை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் உண்டாகும். பார்வைக்கே ஊறு நேரலாம். குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தால், கைவைத்தியம் எதுவும் பார்க்காமல், சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் ஓடுங்கள். பால் வருகிறதா என்பதை மட்டும் வைத்து இனம் பிரிக்கவும் கூடாது. மாமில்லேரியாவிலும் சில இனங்களுக்குப் பால் உண்டு. முள்ளின் அடியில் பஞ்சு மெத்தை இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான அடையாளம். இருந்தால் அது அமெரிக்கக் குடும்பத்துக் கள்ளி. நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியும் அக்குடும்பமே. கடல் கடந்து வந்து இங்கே குடியேறியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காக, நமக்கு அருகிலுள்ள சைதாப்பேட்டையிலேயே சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைத்தார்.

சரி, என் செடி ஏன் அழுகியது? விடை, இச்செடி மூச்சு விடும் முறையில் இருக்கிறது. மல்லிகையும் வேம்பும் பகலில் நுண்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கும். அப்போது உள்ளிருக்கும் நீரும் ஆவியாகி வெளியேறும். பாலைவனச் செடிக்கு அது கட்டுப்படியாகுமா? ஆகவே கள்ளி பகலில் கதவைச் சாத்திவிட்டு இரவில் திறக்கிறது. இரவெல்லாம் வாங்கிய வாயுவை ஒருவகை அமிலமாக்கிச் சேமிக்கிறது. ஆப்பிளுக்குப் புளிப்பூட்டும் மாலிக் அமிலம்தான் அது. விடிந்ததும் கதவை மூடிக்கொண்டு, அந்த இருப்பிலிருந்தே வெயிலின் துணையோடு உணவு சமைக்கிறது.

இந்த இரகசியத்தின் முதல் நுனியைப் பிடித்தவர்களில் ஒருவர் நம் சென்னை மாகாணத்தில் வாழ்ந்தவர் என்பது எனக்குப் பெருவியப்பாயிருந்தது. ஜெர்மனியில் பிறந்து தரங்கம்பாடிக்கு வந்து, பின்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியல் அறிஞரானவர் பெஞ்சமின் ஹெய்ன். ஆய்வுக்கருவி ஏதுமில்லை; நாக்குதான் கருவி! ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் கடும் புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் சற்றுக் கசப்பு என்று கண்டு, 1813இல் இலண்டனுக்குக் கடிதம் எழுதினார். அது 1815இல் லின்னேயன் சங்க வெளியீட்டில் அச்சாயிற்று. (ரணகள்ளி மூன்றாவதொரு குடும்பம், நாம் அதற்கும் கள்ளி என்றே பெயரிட்டுவிட்டோம்.) அவர் 1819இல் சென்னையிலேயே காலமானார்.

இரவில் வாயு வாங்குவதால் படுக்கையறையில் வைத்தால் காற்று சுத்தமாகும் என்று சொல்லி விற்போர் உண்டு. விரலளவுச் செடியால் அப்படி எதுவும் நடவாது. மேலும் அறைக்குள் வெயில் ஏது? ஒளியில்லாவிடில் பந்து வெளிறி நீண்டுவிடும். தலையில் பசையால் காகிதப்பூ ஒட்டி விற்கும் செடியையும் வாங்காதீர்கள். புதிய குமிழ்கள் தோன்றும் உச்சியையே அது அடைத்துவிடும்.

பகலில் நீரை வெளிவிடாத செடிக்கு நாம் நாள்தோறும் ஊற்றினால், நீர் செலவாகாமல் மண்ணிலேயே தேங்கி வேர் மூச்சுத் திணறும். தொட்டி மண் அடிவரை உலர்ந்த பின்பே ஊற்றுங்கள்; ஒரு குச்சியைச் செருகிப் பார்த்தால் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள். மே மாத நண்பகல் வெயிலில், சுவரின் சூடு தொட்டியைச் சுடாதபடி சிறிது நிழல் கொடுங்கள்.

அழுகத் தொடங்கிய செடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மேலேயுள்ள நல்ல குட்டிகளைப் பிரித்து, வெட்டுவாய் காயும்வரை சில நாட்கள் நிழலில் வைத்து, பின்பு மணலும் உடைத்த செங்கல்லும் தாராளமாகக் கலந்த மண்ணின்மேல் உட்கார வையுங்கள், புதைக்க வேண்டாம். பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று மெரினா மணலை அள்ளி வந்துவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். ஆற்று மணலே வேண்டும்.