கழிமுகத்துக்கு முதுகு காட்டியவர்கள்

அடையாறு, பெசன்ட் நகர், ராஜா அண்ணாமலைபுரம், பட்டினப்பாக்கம் என்று ஆற்றின் இரு கரையிலும் குடியிருக்கும் நம்மை நடக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. விடியுமுன் எழுந்து எலியட்ஸ் கடற்கரையின் நடைபாதையை நிறைக்கிறோம். மாநகராட்சிப் பூங்காக்களில் எட்டு வடிவத்தில் சுற்றிச் சுற்றி வருகிறோம். ஆனால் நடைபாதை முடிந்ததும் திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து வடக்கே, ஊரூர்க் குப்பத்தைத் தாண்டி ஈர மணலிலேயே போனால் ஆறு கடலோடு சேரும் இடம் வந்துவிடும். வலப்பக்கம் கடல். இடப்பக்கம் பிரம்மஞான சபையின் மரக்கூட்டம். எதிரே 1977 வெள்ளத்தில் இடிந்த பாலம். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. வயதானவர்களும் நின்று நின்று போகலாம். பெருநகரத்துக்குள் கழிமுகமும் சதுப்பும் காடும் ஒரே நடையில் கிடைப்பது அரிய பேறு. நமக்குக் கிடைத்தது, நாம் பேணவில்லை.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நிறைய உண்டு. சென்னைக் கடலின் ஓதம் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டரே போதும். நீர் வடியும்போது சேறு வெளியே தெரிகிறது. சேற்றில் புழுவும் சிறு நண்டும் கிடைக்கும் என்று அறிந்த பறவைகள் வந்து இறங்குகின்றன. பவளக்கால் உள்ளான் சிவந்த நீண்ட கால்களால் ஆழம் பார்த்து நடக்கிறது. உப்புக்கொத்திகள் நாலடி ஓடி, நின்று, குனிந்து கொத்துகின்றன. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் அந்தரத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக நீரில் விழுகிறது. மழைக்காலம் முடிந்த மாதங்களில் வடக்கே பனி மூடிய நாடுகளிலிருந்து வந்த விருந்தாளிகளும் இருக்கும். கரையோரம் உமரிச் செடியும் அலையாத்தியும் உப்பைத் தாங்கி நிற்கின்றன. மடவை மீன் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறுகிறது. நெய்தல் திணைக்குரிய கருப்பொருள்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் நாம். நம் பிள்ளைகளையும் செய்யவைக்கிறோம். அந்தக் கருப்பொருள்கள் உயிரோடு உலவும் இடம் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல மறந்தோம்.

மறந்தது மட்டும் என்றால் மன்னித்துவிடலாம். அழுக்காக்கியதும் நாம்தான். நம் அடுக்ககத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மழைநீர் வடிகாலில் கழிவுநீர்க் குழாயைச் சொருகிய கட்டடங்கள் இந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. வடிகால் ஆற்றுக்குப் போகிறது, ஆறு கழிமுகத்துக்குப் போகிறது. மழையில்லாத மாதங்களில் அடையாற்றில் ஓடுவது பெரும்பாலும் நம் வீடுகளிலிருந்து வெளியேறிய நீர்தான். ஆற்றில் உந்துதல் இல்லாதபோது அலைகள் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். அடைத்தால் கடல்நீர் உள்ளே வராது, சாக்கடை வெளியே போகாது. தேங்கிய நீரில் உயிர்வளி குறைந்து மீன்கள் செத்து மிதக்கும். அரசு இயந்திரம் வைத்து மணலைத் தோண்டும், அலை மறுபடியும் கொண்டுவந்து போடும். இது தெரிந்தும், பாலத்தின் மேல் கார் போகும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஆறு நாறுகிறது என்றோம்.

வீட்டை இடித்துக் கட்டினோம். இடிபாட்டை லாரியில் ஏற்றிவிட்டுப் பணத்தைக் கொடுத்தோம். அந்த லாரி எங்கே போய்க் கொட்டியது என்று கேட்கவில்லை. ஆற்றங்கரையிலும் சதுப்பு விளிம்பிலும் கிடக்கிற செங்கல் தூளும் உடைந்த டைல்ஸும் யார் வீட்டுடையவை? எம்.ஆர்.சி. நகர்ப் பக்கம் சதுப்பின் ஓரத்தில் உயரமான கட்டடங்கள் எழும்பியபோது அங்கிருந்து கடல் தெரியும் என்பதையே பெருமையாகப் பேசினோம். 2015 டிசம்பரில் அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. அந்த நீருக்கு விரிந்து படுக்க இடம் கொடுத்திருக்க வேண்டியது இந்த ஆற்றோரத் தாழ்நிலங்கள்தான் என்பதை அப்போது ஒரு வாரம் பேசினோம். பிறகு சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு விட்டுவிட்டோம்.

காட்டின் கதை வேறு. பிரம்மஞான சபை 1882-ல் இங்கே தலைமையகத்தை அமைத்தது. இன்று சுமார் 260 ஏக்கர். 1989-ல் அதன் புகழ்பெற்ற ஆலமரத்தின் தாய்மரம் காற்றில் சாய்ந்தது, விழுதுகளின் மேல் மரம் இன்னமும் நிற்கிறது. சுற்றியிருந்த ஊரெல்லாம் மனைகளான காலத்திலும் அந்த நிலம் மனையாகவில்லை. ஏன்? அதற்கு ஓர் உரிமையாளர் இருந்தார், அவர் காத்தார். மதிலுக்கு வெளியே கிடந்த சதுப்போ நம் எல்லோருக்கும் பொது. அதைத்தான் நாம் இழந்தோம். எல்லோருக்கும் உரிய இடத்துக்கு எல்லோரும் வந்து பார்க்க வேண்டும் என்பதை நாம் உணரவே இல்லை. உள்ளே மரநிழலில் நடக்க அனுமதி நேரம் குறைவு என்று குறைபட்டுக்கொண்ட நாம், மதிலுக்கு அந்தப் பக்கம் குப்பை குவிவதைப் பற்றி ஒரு மனு எழுதவில்லை.

வடகரையில் அடையாறு ஓடையின் ஒரு பகுதியை, 58 ஏக்கரை, அரசு சீர்செய்து 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தது. இடிபாடும் குப்பையும் கிடந்த இடத்தில் நீர்நிலைகளும் நாட்டு மரங்களும் வந்தன. நல்ல வேலை அது, சந்தேகமில்லை. ஆனால் பல ஆண்டுகள் முன்அனுமதி பெற்ற மாணவர் குழுக்களுக்கே பெரிதும் திறந்திருந்த அந்த இடத்தை, ‘வேலி போட்டாயிற்று, இனி கவலையில்லை’ என்று நாம் அரசின் தலையில் கட்டிவிட்டோம். கூட்டத்தை அளவோடு விடுவது சரியே. பறவை தங்கும் இடத்தில் திருவிழாக் கூட்டம் வேண்டாம். நான் வருந்துவது வேறொன்றுக்கு: உள்ளே போக முடியாததைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்கு ஓர் ஏக்கமும் இருக்கவில்லை.

பார்வையாளர் உள்ள இடம் பிழைக்கும் என்பதற்கு இதே கடற்கரையில் சாட்சி இருக்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில், 1988 முதல், மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஆமைக்கு நடந்தவர்கள் கிடைத்தார்கள். கழிமுகத்துக்கு அப்படிக் கிடைக்கவில்லை.

தினமும் அதைப் பார்ப்பவர்கள் இருக்கவே செய்கிறார்கள்: குப்பத்து மீனவர்கள். முகத்துவாரம் எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த மாதம் மடவை குறைந்தது, எந்த நாள் தண்ணீர் நிறம் மாறியது என்று அவர்களுக்குத் தெரியும். கடலோரமாகச் சாலையும் பாலமும் போடும் திட்டங்கள் வரும்போதெல்லாம் எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசை அவர்களுடையது. அதை அவர்கள் பிரச்சினை என்று நினைத்தோம். அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் மிச்சம் என்று கணக்குப் போட்டவர்களும் நம்மில் உண்டு. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

இந்தக் குளிர் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓதம் வடியும் காலை நேரம் பார்த்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரூர்க் குப்பத்திலிருந்து வடக்கே நடந்து போங்கள். காலை மீன் விற்கும் அம்மாவிடம் நின்று முகத்துவாரத்தைப் பற்றி விசாரியுங்கள். பறவைக்கு எட்டியே நில்லுங்கள். கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வீடு திரும்பியதும், அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, நம் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் எதில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.