32 யூரோவும் ஹமுராபி தாத்தாவும்

மக்களே, ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கமே தலை காட்டல. இன்னிக்கு வந்தது வயித்தெரிச்சல்ல.

அப்பா, அம்மா, தங்கமணி, நான். நாலு பேருமா பாரிஸ் போயிட்டு வந்தோம். லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுக்கலாம்னு லேப்டாப்பைத் திறந்தா, விலை ரெண்டு போட்டிருக்கு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் குடிமக்களுக்கும் அங்க வசிக்கறவங்களுக்கும் 22 யூரோ. மத்த உலகத்துக்கு 32. இந்த ரெட்டை விலை 2026 ஜனவரியில் வந்தது. எங்க நாலு பேருக்கு 128 யூரோ. நார்வேயிலிருந்து நாலு பேர் வந்தா 88. வித்தியாசம் 40 யூரோ, நம்ம காசுல நாலாயிரத்துக்கு மேல.

"மாமல்லபுரத்துல நம்மாளுக்கு 40 ரூபாய், வெளிநாட்டுக்காரனுக்கு 600 வாங்கலையா?"ன்னு கேப்பீங்க. வாங்கறோம். பதினஞ்சு மடங்கு! பாரிஸ்காரன் ஒன்றரை மடங்குகூட வாங்கல. அதுல எனக்கு ஒண்ணும் பெருமை இல்ல, கூச்சமாத்தான் இருக்கு. ஆனா பஞ்ச ரதம் அங்கேயே கிடந்த பாறையைப் பல்லவன் அங்கேயே குடைஞ்சது. யார் ஊரிலிருந்தும் பெயர்த்துக்கிட்டு வந்ததில்ல.

லூவ்ர் கதை அப்படியா? மோனாலிசாவைக் குறை சொல்ல முடியாது, அதை டாவின்சியே பிரான்சுக்குக் கொண்டு போனார். ஆனா அதே கூடத்துல எதிர்ச் சுவரைப் பாருங்க. வெரோனீஸ் வரைந்த கானா ஊர்க் கல்யாண விருந்து. கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். 1797ல் நெப்போலியன் படை வெனிஸ்ல ஒரு மடத்துச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கழட்டி, துண்டு துண்டா வெட்டி எடுத்துட்டு வந்தது. மொத்தக் கூட்டமும் அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, 77க்கு 53 சென்டிமீட்டர் மோனாலிசாவை செல்போன்ல பிடிக்குது. (எங்கம்மாவுக்கு முன்னாடி நின்ன ஆளோட தொப்பிதான் தெரிஞ்சுது.)

அப்பா இந்தக் கூட்டத்துக்கே வரல. ரிஷெல்யூ பக்கம் போகணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். அவர் அரசுப் பள்ளியில சமூக அறிவியல் வாத்தியார், ரிட்டயர்டு. முப்பது வருஷம் "கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்"னு ஹமுராபியை நடத்தினவர். அந்தச் சட்டத்தைச் செதுக்கின கருங்கல் தூண் அங்கதான் இருக்கு. 2.25 மீட்டர் உயரம். மேல உட்கார்ந்திருக்கற சூரியக் கடவுள் முன்னாடி ராஜா பவ்யமா நிக்கறார். கீழ பூரா பொடிப் பொடியா ஆப்பு எழுத்து. அப்பா பத்து நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் வகுப்பு ஆரம்பிச்சுது.

பாபிலோனியாவுல இருந்த தூணை ஈலம் நாட்டு ராஜா கொள்ளையடிச்சு இன்னிக்கு ஈரான்ல இருக்கற சூசாவுக்குக் கொண்டு போனான். 1901ல் அங்க தோண்டின பிரெஞ்சுக்காரர்கள், பாரசீக மன்னரோட போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி பாரிசுக்கு ஏத்திட்டாங்க. வீடு இடிஞ்சு விழுந்து அதுல சொந்தக்காரன் செத்தா, கட்டினவனைக் கொல்லுன்னு ஒரு சட்டம் இருக்காம். நல்லவேளை, சாப்ட்வேருக்கு அது கிடையாது. வைத்தியர் கூலிக்கும் சட்டம் இருக்கு. பெரிய ஆபரேஷன் பண்ணிப் பிழைக்க வச்சா, உயர்குடிக்காரன் 10 ஷெக்கல் வெள்ளி கொடுக்கணும், சாமானியன் 5, அடிமைக்காக அவன் எஜமான் 2.

அங்கதான் எனக்குச் சுருக்குன்னது. மூவாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முந்தின ராஜாவுக்கே இருக்கறவன்கிட்ட அதிகம் வாங்கணும்னு தோணியிருக்கு. அவர் கல்லை வச்சுக் காசு பாக்கற இடத்துல கணக்கு தலைகீழா இருக்கு. பாக்தாத்ல இருந்தோ சூசா பக்கமிருந்தோ ஒருத்தர் தன் பாட்டன் கல்லைப் பாக்க வந்தா 32. ஆஸ்லோக்காரருக்கு 22. வெனிஸ்காரராவது 22ல தப்பிச்சார்.

பிரெஞ்சுக்காரர் வரி கட்டறார், அதனால அவருக்குச் சலுகைன்னு ஒரு வாதம் உண்டு. சரி, ஒத்துக்கறேன். ஐஸ்லாந்துக்காரர் லூவ்ருக்கு என்ன வரி கட்டினார்? இப் கண்டிஷனே தப்பா எழுதியிருக்கு. கட்டடம் ஒழுகுது, பழுதுபார்க்கப் பணம் வேணும்ங்கறதும் நிஜம். 2025 அக்டோபர்ல பட்டப்பகல்ல ஏணி வச்ச வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியா ஏறி, எட்டே நிமிஷத்துக்குள்ள ராஜ நகைகளை அள்ளிட்டுப் போனாங்க. பாதுகாப்புக்குச் செலவு பண்ணட்டும், வேணாம்னு யார் சொன்னா? எல்லாருக்கும் 25 வைங்க, வாயை மூடிக்கிட்டுக் கொடுக்கறேன். இல்ல, வித்தியாசம் வச்சே ஆகணும்னா, எந்த நாட்டுப் பொருள் உள்ள இருக்கோ அந்த நாட்டுக்காரங்களுக்கு 22 வைங்க. எகிப்து, ஈராக், ஈரான் எல்லாம் அந்த லிஸ்ட்ல வரும். இந்தியாவும் வரும். எங்களை விட்டுட்டாக்கூடப் பரவாயில்ல, நாங்க 32 கொடுத்துக்கறோம்.

அப்பா கிளம்பறப்ப அந்தத் தூணைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தார். "எவ்வளவுடா டிக்கெட்டு?"ன்னு கேட்டார். "ஆளுக்குப் பத்து யூரோப்பா"ன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுக்கே "அவ்வளவா!"ன்னார். அவர் இதெல்லாம் படிக்க மாட்டார்ங்கற தைரியத்துல எழுதறேன். தங்கமணி போட்டுக் கொடுக்காம இருக்கணும்.