யட்டவத்த வரை வராத நூலகம்

மாத்தளை மாவட்டத்தின் யட்டவத்தயில் வசிக்கும் வெளிவாரிப் பட்டப்படிப்பு மாணவி ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த தோட்டத் தொழிலாளர் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத முற்படுகின்றார் என வைத்துக்கொள்வோம். தேடிய கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் கையடக்கத் தொலைபேசியில் தென்படுகின்றன. அதற்குமேல் வாசிப்பதாயின் டொலரில் பணம் செலுத்துமாறு திரை கோருகின்றது. டொரொன்டோவிலோ சிங்கப்பூரிலோ வாழும் அவரது உறவினர் ஒருவர், அத்தகைய கட்டுரைகள் பலவற்றைத் தமது வீட்டிலிருந்தவாறே ஒரு சதமும் செலவின்றி வாசித்துவிடக்கூடும். தன் மூதாதையர் நடந்து வந்த பாதையின் வரலாற்றை அந்தப் பாதை முடிந்த மாவட்டத்திலேயே வாசிக்க முடியாமலிருப்பது வேதனைக்குரியது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் ஒரு நூலக அட்டையே. டொரொன்டோ பொது நூலகம் ஆய்வுச் சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகள், கலைக்களஞ்சியங்கள் அடங்கிய தரவுத்தளங்களுக்கு முழு நகரத்தின் சார்பிலும் சந்தா செலுத்துகின்றது. நகரில் வசிப்போரும் தொழில் புரிவோரும் கற்போரும் இலவசமாக அட்டையைப் பெற்று, அதன் இலக்கத்தையும் இரகசிய எண்ணையும் வீட்டுக் கணினியில் பதிந்தால் போதுமானது. வாசகர் நூலகத்தினுள்ளேயே அமர்ந்திருப்பதாகக் கருதி வெளியீட்டாளரின் தளம் வழிவிடும். சிங்கப்பூரின் தேசிய நூலகச் சபையும் இவ்வாறே செயற்படுகின்றது. ஆயினும் ஒப்பந்த நிபந்தனைகளால் சில தரவுத்தளங்களை அங்கும் நூலகத்துக்கு நேரில் சென்றே பார்க்க வேண்டும்.

இலங்கையில் பொது நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பிலுள்ளவை. புதிய நூல்கள் வாங்கவும் கூரையைத் திருத்தவும் திண்டாடும் ஒரு பிரதேச சபை, சர்வதேசத் தரவுத்தளமொன்றுக்கு டொலரில் சந்தா கட்ட வேண்டுமென எவரும் எதிர்பார்க்க மாட்டார்கள், நாமும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பொறுப்பு கொழும்புக்குரியது. 1998 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை இருக்கின்றது. அது நாட்டின் சகல பொது நூலகங்களின் சார்பிலும் ஒரே ஒப்பந்தமாகப் பேரம் பேசிப் பெற்றுக்கொடுத்தால், யட்டவத்த வாசகரின் அட்டைக்கும் கொழும்பு வாசகரின் அட்டைக்கும் ஒரே மதிப்பு கிடைக்கும். கொழும்பில் ஓர் ஆவணத்தைப் பார்ப்பதற்காக ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் இழக்கும் ஆசிரியருக்கு இது சிறிய விடயமல்ல.

நாடு முழுவதற்கும் ஒரே சந்தா என்பது வெறும் கற்பனையல்ல. 2024 நவம்பரில் இந்திய மத்திய அமைச்சரவை இத்தகைய திட்டமொன்றுக்கு மூன்றாண்டுகளுக்கென 6,000 கோடி இந்திய ரூபாவை அனுமதித்தது. 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள் அதில் அடங்குகின்றன. ஆனால் அதன் முதற்கட்டம் அரச உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கே உரியது. பொது நூலகத்தை நம்பியிருக்கும் வாசகர் அங்கும் வாசலிலேயே நிற்கின்றார். இலங்கையில் அவ்வாறு நேராமலிருக்க, பொது நூலகங்களைத் தொடக்கத்திலேயே உள்ளடக்க வேண்டும்.

அதுவரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுமில்லை. 2005 இல் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எவரும் அட்டையின்றியே வாசிக்கலாம்; முஸ்லிம் ஆவணகம், மலையக ஆவணகம் என்ற பிரிவுகளும் அங்குள்ளன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவற்றை எண்ணும்போது இம்முயற்சியின் பெறுமதி விளங்கும். இலங்கை ஆய்வுச் சஞ்சிகைகளின் இணையத்தளம், தமிழ்நாட்டின் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம் ஆகியனவும் இலவசமே. ஜேஸ்டோர் தளத்தில் தனிநபராகப் பதிவு செய்வோர் மாதமொன்றுக்கு 100 கட்டுரைகள் வரை இணையத்தில் வாசிக்கலாம். மேலே நாம் கூறிய மாணவிக்கு இது ஒன்றே பாதி வழியைத் திறந்துவிடக்கூடும். இதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டுமென்பதே பிரச்சினை.

இங்குதான் பழைய அனுபவமொன்று நினைவுக்கு வருகின்றது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் 'நெனசல' நிலையங்கள் கிராமங்கள் தோறும் பெரும் எதிர்பார்ப்புடன் திறக்கப்பட்டன. கணினிகள் வந்தன, பல இடங்களில் அவற்றைப் பராமரிக்கவும் மக்களுக்கு வழிகாட்டவும் நிரந்தர ஏற்பாடு வரவில்லை. காலப்போக்கில் அவற்றிற் பல செயலிழந்தன. தரவுத்தளத்துக்கும் அதே கதி நேரலாம். தமிழிலும் சிங்களத்திலும் விளக்கக்கூடிய, பயிற்சி பெற்ற நூலகர் இல்லாவிடின் அட்டை இலக்கம் வெறும் இலக்கமே. தரவுத்தளங்களில் பெரும்பகுதி ஆங்கிலமாதலால், தமிழ்மொழி மூலம் கற்றவருக்கு இந்த உதவி இரட்டிப்பாக அவசியம். வீட்டை விட்டு அடிக்கடி வெளியே செல்ல இயலாத பெண்களுக்குத் தொலைபேசி மூலமேனும் அவ்வழிகாட்டல் கிடைக்க வேண்டும்.

இணையக் கட்டணமும் ஒரு தடைதான். எனினும் 2020 இல் கொவிட் முடக்கத்தின்போது பல்கலைக்கழகக் கற்றல் தளங்களை மாணவர் கட்டணமின்றி அணுகத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணங்கியமை குறிப்பிடத்தக்கது. அவசரகாலத்தில் பல்கலைக்கழகத்துக்குச் செய்ததைச் சாதாரண காலத்தில் பொது நூலகத்துக்குச் செய்ய முடியாதெனக் கூறுவது நியாயமாகாது.

இதனால் அச்சு நூல்களைக் கைவிடலாமெனச் சிலர் வாதிடக்கூடும். அதை நாம் ஏற்கவில்லை. 2023 ஒக்டோபரில் டொரொன்டோ பொது நூலகமும் பிரித்தானிய நூலகமும் இணையத் தாக்குதலுக்கு இலக்காகி, அவற்றின் இணைய சேவைகள் மாதக்கணக்கில் தடைப்பட்டன. அந்நாட்களில் வாசகருக்குக் கைகொடுத்தவை அலுமாரியிலிருந்த நூல்களே.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிவடைந்த உள்ளூராட்சி மன்றங்கள், 2025 மே 6 ஆம் திகதித் தேர்தல் வரை ஈராண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகளின்றி இயங்கின. இப்போது யட்டவத்த பிரதேச சபையிலும் கேள்வி கேட்பதற்கு உறுப்பினர்கள் உள்ளனர். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் நூலகத்துக்கான இணைய இணைப்பு, நூலகர் பயிற்சி ஆகிய இரண்டுக்கும் நிதி ஒதுக்குமாறு அவர்கள் கோர வேண்டும். கூட்டுச் சந்தா பற்றிக் கொழும்புக்கு எழுத்துமூலம் கேட்பதற்கு ஒரு தீர்மானமும் ஒரு தபால் முத்திரையும் போதும்.