அம்மம்மாவின் வட்டியில் பத்து வீதம்

போன முறை சுருவிலுக்குப் போனபோது அம்மம்மா வங்கிச் சிட்டையை நீட்டினா. "இஞ்ச பார் பிள்ளை, வட்டி குறைஞ்சு போச்சு. ஆர் எடுத்தது?" ஆரும் களவெடுக்கேல்லை. அது வருமான வரி.

அவவிடம் இருப்பது பத்து இலட்சம் ரூபா நிலையான வைப்பு. எட்டு வீத வட்டி எண்டால் வருடத்துக்கு 80,000 ரூபா. அதில் 8,000 ரூபாவைக் கழித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் மிச்சத்தை வங்கி தரும். 2023 ஜனவரியில் 5 வீதமாகத் தொடங்கிய இந்தக் கழிவு, 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதம். அதே ஏப்ரலில் வரியில்லாத வருமானத்தின் எல்லையும் வருடத்துக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாக உயர்ந்தது. அம்மம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை. சட்டப்படி அவ கட்டவேண்டிய வரி பூச்சியம்!

பிறகேன் கழிக்கினம்? அவ வாய் திறக்காததால். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் இல்லை என்று ஒரு சுயபிரகடனப் படிவம் நிரப்பி வங்கியில் கொடுத்தால் கழிக்கமாட்டார்கள். ஏற்கெனவே கழித்ததை, வரி விவரத்திரட்டு சமர்ப்பித்துத் திருப்பிக் கேட்கலாம். இதை அம்மம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. வைப்பைப் புதுப்பிக்கப் போன அன்றைக்குக்கூட.

வட்டியில் வரி எடுக்கிறதே பிழை என்று நான் சொல்லவில்லை. கோடிக்கணக்கில் வைப்பு வைத்திருப்பவரிடம் கட்டாயம் எடுக்கத்தான் வேணும். என் பிரச்சினை வேறு. இந்தியாவில் 60 வயது கடந்தவருக்கு ஒரு வங்கியில் வருடத்துக்கு ஒரு இலட்சம் ரூபா வரை வட்டி வந்தால் வங்கி தொடாது; அதற்கு மேல்தான் கழிவும் படிவமும். இங்கே முதல் ரூபாவிலிருந்தே கழிவு. படிவம் தெரிந்தவர் தப்புவார், தெரியாதவர் கட்டுவார். தெரியாதவர் பெரும்பாலும் ஆர்? பிள்ளைகள் வெளிநாட்டில், தனியக் கிடக்கிற கிழடுகள். தீவுப்பகுதியில் அப்படி எத்தனை வீடு!

பல்கலைக்கழகத்தில் மகாபொல படிவத்தில் தொடங்கி ஆயிரம் படிவம் நிரப்பிப் பழகிய ஆக்கள் நாங்கள். இது ஒரு பத்து நிமிச வேலை. வைப்பு இருக்கிற ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மார்ச் 31 உடன் வரி ஆண்டு முடிந்தால் அடுத்த ஆண்டுக்குப் புதிதாய் ஒன்று.

அம்மம்மாவுக்கு நான்தான் நிரப்பினேன். கையெழுத்து வைக்க முதல் மூண்டு தரம் கேட்டா: "இதில வைச்சா வரிக்காரர் வீட்டை வருவினமோ?"